கேம்பிரிட்ஜில் எங்கே தங்குவது? எண்ணூறு ஆண்டுக் கேள்வியும் அதன் விடைகளும்

ஆக்ஸ்போர்டில் ஊராருக்கும் மாணவருக்கும் மூண்ட கலகத்தை அடுத்து, 1209இல் அங்கிருந்து கிளம்பிய ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் ஒரு பகுதியினர் கேம் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சந்தை ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஊரில் அவர்களுக்கென்று கட்டடம் இல்லை, நூலகம் இல்லை, கல்லூரியும் இல்லை. முதலில் வேண்டியிருந்தது படுக்க ஓர் இடம். எங்கே தங்குவது, யார் தருவது, என்ன வாடகை என்று அன்று தொடங்கிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

இன்றைய கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் இருக்கின்றன. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரத்தில் வாழ்வோர் சுமார் 1,45,700 பேர். மாணவர், ஆய்வாளர், இரண்டு நாள் வந்துபோகும் பயணி, பட்டமளிப்பு விழாவுக்கு வரும் பெற்றோர், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் ஊர்க்காரர் என எல்லோரும் ஒரே சிறிய நிலப்பரப்பில் அறை தேடுகிறார்கள். ஊராரோடு தங்கு, மதிலுக்குள் தங்கு, ஊருக்கு வெளியே தங்கு என்று மூன்று பழைய விடைகள் உண்டு. பிற்காலத்தில் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை இவற்றின் மறுபதிப்புகளே.

ஊராரின் வீட்டில்

இவற்றில் மூத்தது முதல் விடை. வந்தவர்கள் வீடுகளிலும் மாடியறைகளிலும் வாடகைக்குத் தங்கினார்கள். சிலர் சேர்ந்து ஒரு முழு வீட்டை எடுத்து, மூத்த ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் இருந்தார்கள். வாடகை ஏறியது, பூசலும் கூடவே வந்தது. 1231இல் மன்னர் மூன்றாம் ஹென்றி தலையிட்டு, இரண்டு ஆசிரியர்களும் இரண்டு ஊர்க்காரர்களும் கூடி நியாயமான வாடகையை மதிப்பிட வேண்டும் என்று ஆணையிட்டார். வாடகைக் கட்டுப்பாடு இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இந்த ஆணையைப் பார்க்க வேண்டும். இருதரப்பும் சரிபாதியாக அமர்ந்து விலை பேசும் அந்த முறை, அதற்குப் பின் வந்த பல ஏற்பாடுகளைவிட நேர்மையானது.

ஆனால் அந்தச் சமநிலை நீடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் உரிமைகள் பெருகப் பெருக ஊராரின் மனக்கசப்பும் பெருகியது. 1381 விவசாயிகள் எழுச்சியின்போது கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி சூறையாடப்பட்டது; பல்கலைக்கழக ஆவணங்கள் சந்தைத் திடலில் கொளுத்தப்பட்டன. இத்தனைக்கும் அந்தக் கல்லூரி, ஊரின் சங்கங்களே 1352இல் நிறுவியது. ஊரில் பல வீடுகளுக்கு அது உரிமையாளராகி வாடகை வசூலித்ததே கோபத்தின் காரணங்களில் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

ஊரார் வீட்டில் தங்கும் வழக்கம் அதற்குப் பிறகும் அழியவில்லை, வேறு உருவம் எடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லூரிக்குள் இடம் கிடைக்காத மாணவர்கள் பல்கலைக்கழக உரிமம் பெற்ற வீடுகளில்தான் தங்கலாம். வீட்டுக்காரம்மா இரவு குறித்த நேரத்தில் கதவைப் பூட்ட வேண்டும், தாமதமாக வந்தவர்களின் பெயரைக் கல்லூரிக்கு எழுதி அனுப்ப வேண்டும். தவறினால் உரிமம் போகும், வருமானமும் போகும். வீடு ஊராருடையது, சட்டம் பல்கலைக்கழகத்துடையது. சார்லஸ் டார்வின் 1828இன் தொடக்கத்தில் கிரைஸ்ட்ஸ் கல்லூரியில் சேர வந்தபோது உள்ளே அறை இல்லாததால் சிட்னி தெருவில் ஒரு புகையிலைக் கடையின் மாடியில்தான் முதலில் குடியிருந்தார். அந்த இடத்தில் இன்று ஒரு மருந்துக்கடை நிற்கிறது. சுவரில் உள்ள சிறு பலகையை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

இந்த விடையின் பலம், வந்தவர் ஊரை அறிந்துகொள்வது. அதன் பலவீனம், வீடு தருபவருக்கும் தங்குபவருக்கும் இடையில் எப்போதும் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பது. அன்று அது பல்கலைக்கழகத்தின் உரிமக் குழு. இன்று வாடகை முகவர்.

மதிலுக்குள்

ஈலி நகரின் ஆயர் ஹியூ டி பால்ஷம் முதலில் தன் மாணவர்களைப் புனித யோவான் மருத்துவமனைத் துறவியரோடு சேர்த்துத் தங்கவைத்துப் பார்த்தார். இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. 1284இல் அவர்களைப் பிரித்து, ஊரின் தெற்கு எல்லையில் புனித பேதுரு தேவாலயத்தை அடுத்த இரண்டு வீடுகளில் குடியேற்றினார். கேம்பிரிட்ஜின் முதல் கல்லூரியான பீட்டர்ஹவுஸ் அப்படித்தான் பிறந்தது: கூடித் தங்க முடியாதவர்களுக்குத் தனி வீடு கொடுத்த ஓர் ஏற்பாடாக. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் கல்லூரிகள் பெருகின. பழைய வாடகை விடுதிகள் ஒவ்வொன்றாகக் கல்லூரிகளுக்குள் கரைந்தன.

மதிலுக்குள் தங்குவதன் நன்மையை யாரும் மறுத்ததில்லை. உணவுக்கூடமும் நூலகமும் தேவாலயமும் ஆசிரியரின் அறையும் நான்கு எட்டில் இருந்தன. அந்த நன்மைக்கான விலையைக் கொடுத்தது ஊர். ஆறாம் ஹென்றி 1441இல் கிங்ஸ் கல்லூரியை நிறுவி, சில ஆண்டுகளிலேயே அதைப் பெரிதாக்க முடிவு செய்தபோது ஆற்றங்கரைக்கும் பெருந்தெருவுக்கும் நடுவே இருந்த வீடுகள், விடுதிகள், படகுத்துறைகள், ஒரு தேவாலயம் எல்லாம் இடிக்கப்பட்டன. மில் தெரு என்ற முக்கியமான தெரு நடுவில் அறுபட்டது. மன்னர் திட்டமிட்ட பெருமுற்றமோ அவர் காலத்தில் எழவில்லை. கல்லூரித் தேவாலயத்தை அடுத்து இன்று நாம் காணும் கிப்ஸ் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது 1724இல். படமெடுக்க இன்று உலகமே வந்து நிற்கும் அந்தப் புல்வெளியும் அதைச் சுற்றிய நிலமும் ஒரு காலத்தில் பிறர் குடியிருந்த இடம் என்பதை வழிகாட்டி நூல்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

மதிலுக்கு வாயில் உண்டு, வாயிலுக்குப் பூட்டும் உண்டு. இரவில் கதவு அடைத்தபின் திரும்பிய மாணவர்கள் சுவரேறிக் குதிப்பது தனிக் கலையாகவே வளர்ந்தது. இரவில் கல்லூரிக் கட்டடங்களின் மேல் ஏறுவதைப் பற்றி 1937இல் ஒரு புத்தகமே வெளிவந்தது. இப்போது பூட்டு தளர்ந்திருக்கிறது. ஆனால் உள்ளே யார், வெளியே யார் என்ற பிரிவினை மறைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இளநிலை மாணவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று ஆண்டுகளும் கல்லூரியே இடம் கொடுத்துவிடுகிறது. வெளியூர் மாணவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஊரோடு ஒரு பேச்சும் இல்லாமலே பட்டம் வாங்கிக்கொண்டு போகவும் இதுவே வழி செய்கிறது.

ஊருக்கு வெளியே: கிர்ட்டனும் நியூன்ஹாமும்

எங்கே தங்குவது என்ற கேள்வி பெண்களின் விஷயத்தில் எழுந்ததைப் போல வேறெங்கும் கூர்மையாக எழவில்லை. பெண் கல்விக்காகப் போராடிய எமிலி டேவிஸ் 1869இல் ஐந்து மாணவிகளோடு தன் கல்லூரியைத் தொடங்கியது கேம்பிரிட்ஜில் அல்ல, ரயிலில் போகவேண்டிய ஹிட்சின் என்ற ஊரில். ஆசிரியர்கள் அங்கே பயணம் செய்து பாடம் நடத்தினார்கள். ஆண் மாணவர்களின் கண்ணிலிருந்தும் ஊர்ப்பேச்சிலிருந்தும் பெண்களைத் தள்ளி வைத்தால்தான் பெற்றோர் நம்பி அனுப்புவார்கள் என்பது அவர் கணிப்பு. 1873இல் கல்லூரி கிர்ட்டன் கிராமத்துக்கு மாறியது. அதுவும் நகர மையத்திலிருந்து இரண்டரை மைல்.

கேம்பிரிட்ஜின் தத்துவ ஆசிரியர் ஹென்றி சிட்ஜ்விக் வேறு விதமாக நினைத்தார். விரிவுரைகள் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பெண்கள் இருக்க வேண்டும் என்று 1871இல் ரீஜன்ட் தெருவில் ஒரு வீட்டை எடுத்தார். ஆன் கிளஃப் அம்மையாரின் பொறுப்பில் அங்கேயும் ஐந்து பேர். அதுவே நியூன்ஹாம் கல்லூரியாக வளர்ந்து, 1875இல் ஆற்றின் மேற்கே சொந்தக் கட்டடத்துக்குப் போனது.

இந்த இரண்டில் எது சரி என்று அன்றே வாதம் நடந்தது. டேவிஸின் ஏற்பாட்டில் தூரம் இருந்தது, அதோடு ஓர் உறுதியும் இருந்தது: கிர்ட்டனில் ஒவ்வொரு மாணவிக்கும் படுக்கையறை ஒன்றும் அமர்ந்து படிக்கும் அறை ஒன்றும் தரப்பட்டன. சிட்ஜ்விக்கின் ஏற்பாட்டில் வசதி இருந்தது, கண்காணிப்பும் கூடவே இருந்தது. தெருவில் போகும் பெண்ணைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து அடைக்கும் அதிகாரம் பல்கலைக்கழகக் காவல் அதிகாரிகளுக்கு 1894 வரை இருந்தது என்பதை நினைத்தால், தூரத்தை நாடியவரைப் பழமைவாதி என்று ஒதுக்க முடியாது. கட்டட அமைப்பிலும் வேறுபாடு தெரிகிறது. ஆண்களின் பழைய கல்லூரிகளில் அறைகள் தனித்தனி மாடிப்படிகளை ஒட்டி அடுக்கப்பட்டவை. கிர்ட்டனிலும் நியூன்ஹாமிலும் நீண்ட உள்நடைகள். மழையில் நனையாமல் ஒருவர் அறையிலிருந்து இன்னொருவர் அறைக்குப் போகலாம். ஒரு பெண் எழுத வேண்டுமானால் அவளுக்குப் பணமும் தனி அறையும் தேவை என்று எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1928 அக்டோபரில் வாதிட்டது இந்த இரண்டு கல்லூரிகளில்தான். முழுப் பட்டம் பெறும் உரிமை பெண்களுக்கு வந்தது 1948இல். அறை கிடைத்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின்!

ராமானுஜனின் மூன்று இடங்கள்

இந்த மூன்று விடைகளையும் ஒரே வாழ்க்கையில் சோதித்துப் பார்த்தவர் என்று சீனிவாச ராமானுஜனைச் சொல்லலாம். 1914 ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்த அவர் கேம்பிரிட்ஜில் முதலில் தங்கியது கணிதவியலாளர் எரிக் நெவிலின் வீட்டில். செஸ்டர்டன் சாலையில், ஆற்றின் வடகரையில், கல்லூரிகளின் நெரிசலிலிருந்து சற்றே விலகிய வீடு. சென்னைக்கு வந்து ராமானுஜனை நேரில் சந்தித்துப் பேசி இசைய வைத்தவரும் நெவில்தான். ஜூன் வாக்கில் ராமானுஜன் டிரினிட்டி கல்லூரியின் ஹியூவல் முற்றத்துக்கு மாறினார். பெருவாயிலுக்கு எதிரே, தெருவின் மறுபுறம் உள்ள கட்டடம் அது. அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த டிரினிட்டிக் கணிதவியலாளர் ஹார்டியைச் சந்திக்கச் சில நிமிட நடை போதும். பின்னர் அதே கல்லூரியின் பிஷப்ஸ் ஹாஸ்டல். கணிதத்தை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் முழுக்க நியாயமானது.

கணிதத்தைத் தவிர்த்துப் பார்த்தால் நிலைமை வேறு. கல்லூரி உணவுக்கூடத்தில் அவரால் சாப்பிட முடியவில்லை. எதில் என்ன கொழுப்பு சேர்ந்திருக்கிறதோ என்ற கவலை. அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். இந்தியாவிலிருந்து வரும் பொட்டலங்களை நம்பியிருந்தார். அந்த ஆண்டே போர் மூண்டது, கிடைப்பவை குறைந்தன. குளிர் பற்றிய ஒரு நிகழ்ச்சி புள்ளியியலாளர் பிரசாந்த மஹலனோபிஸின் நினைவுகளிலிருந்து பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அப்போது கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர் ராமானுஜனைப் பார்க்கப் போய், இரவில் குளிரவில்லையா என்று கேட்டார். மேலங்கியைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார் ராமானுஜன். படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால் கம்பளிகள் எல்லாம் இருந்தன, மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடி. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அறை இருந்தது, கம்பளியும் இருந்தது. சொல்லித்தர அருகில் ஒருவர் இல்லை. 1917இல் நோய்ப்பட்டு முதலில் கேம்பிரிட்ஜிலேயே ஒரு மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அந்த நோய்க்குக் காரணம் அறை வாழ்க்கையும் சமையலும்தான் என்று சொல்வது அவசர முடிவு. இந்தியாவிலேயே தொற்றிய அமீபா நோய் ஈரலைத் தாக்கியிருக்கலாம் என்று பிற்கால மருத்துவ ஆய்வு ஒன்று வாதிடுகிறது. ஆனால் நெவில் வீட்டில் கிடைத்த துணை ஹியூவல் முற்றத்தில் கிடைக்கவில்லை என்ற அளவில் ஐயமில்லை. தங்குமிடத்தை அளக்கும்போது தூரத்தை மட்டும் கணக்கிட்ட எல்லா விடைகளுக்கும் இது ஓர் எதிர்ச்சான்று.

வந்துபோவோருக்கு

இரண்டு மூன்று நாள் தங்குபவருக்கும் விடைகள் காலத்தோடு மாறிவந்திருக்கின்றன. குதிரை வண்டிக் காலத்தில் பெனட் தெருவின் ஈகிள் போன்ற சத்திரங்கள். 1953இல் டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்துவிட்டதாக பிரான்சிஸ் கிரிக் அறிவித்த மதுக்கூடமாகத்தான் ஈகிள் இப்போது அறியப்படுகிறது. 1834இல் பார்க்கர்ஸ் பீஸ் திடலின் ஓரத்தில் யுனிவர்சிட்டி ஆர்ம்ஸ் ஓட்டல் வந்தது. 1845இல் ரயில் வந்தது, ஆனால் நிலையம் மையத்திலிருந்து ஒரு மைலுக்கும் மேல் தள்ளி. மாணவர்கள் எளிதாக ஊரைவிட்டு ஓடிவிடுவார்களோ என்ற பல்கலைக்கழகத்தின் அச்சம் அந்தத் தூரத்தில் பங்கு வகித்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. நிலையத்துக்கு அப்பால் மில் சாலையை ஒட்டி ரயில் தொழிலாளர்களின் ரோம்சி பகுதி எழுந்தது. ஆசிய மளிகைக் கடைகளும் பல நாட்டு உணவகங்களும் இன்று நிறைந்திருப்பது அந்தச் சாலையில்தான். 2019இல் திறந்த புதிய பள்ளிவாசலும் அங்கேதான். அரிசியும் பருப்பும் தேடுபவர் கிங்ஸ் பரேட் தெருவில் அலைவதில் பயனில்லை.

பயணியிடம் முதலில் சொல்லப்படும் அறிவுரை, மையத்தில் தங்கு என்பது. ஒரே இரவு தங்குபவருக்கு அது சரி. காலை எட்டு மணிக்கு முன், பயணக்குழுக்கள் இறங்குவதற்குள், டிரினிட்டி லேனில் நடப்பதற்கு ஈடில்லை. பெரிய புனித மரியாள் தேவாலயத்தின் கால்மணி நேர மணியோசை 1793இல் அமைக்கப்பட்டது. லண்டன் பிக் பென் கோபுரத்தில் கேட்பதும் இதே இசைதான். ஆனால் மையத்தில் வாடகை மிக அதிகம், கார் நிறுத்த இடமில்லை. மே வாரம் எனப்படும் மாணவர் கொண்டாட்டம், பட்டமளிப்பு இரண்டும் வரும் ஜூனில் அறையே கிடைப்பதில்லை. மூன்று இரவுகளுக்கு மேல் தங்குபவருக்கு மையத்தின் ஈர்ப்பு வேகமாகத் தேய்கிறது.

பலரும் அறியாத விடை கல்லூரி அறைதான். பாட வாரங்கள் ஆண்டுக்கு இருபத்துநான்குதான். விடுமுறையில் பல கல்லூரிகள் மாணவர் அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன. ஒற்றைக் கட்டில், படிப்பு மேசை, ஜன்னலுக்கு வெளியே முற்றம். குளியலறை பெரும்பாலும் பொது. பழைய படிக்கட்டுகளில் மின்தூக்கி இருக்காது. மூட்டுவலி உள்ள பெரியவரோடு வருபவர் இதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். காலை உணவு, சில இடங்களில், ஓவியங்கள் தொங்கும் அதே பெருங்கூடத்தில். அந்தப் பழைய மதிலின் உட்புறத்தை ஒரு பயணி காணும் வழிகளில் இதைவிட நேர்மையானது வேறில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை வரும் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மற்ற வழிகள் சுருக்கமாகச் சொல்லத் தக்கவை. காரில் வருபவர் நகர விளிம்பில் தங்கி, ஐந்து திசைகளிலும் உள்ள வாகன நிறுத்தங்களில் ஒன்றில் காரை விட்டுப் பேருந்தில் உள்ளே போகலாம். 2017இல் திறந்த கேம்பிரிட்ஜ் நார்த் ரயில் நிலையத்தால் வடக்கு ஓரமும் எட்டும் தூரமாகிவிட்டது. ரயிலில் கால் மணி நேரத் தொலைவில் ஈலி நகரம், அதன் பெருங்கோயிலோடு. அமைதியை விரும்புவோருக்கு அது நல்ல தேர்வு.

இடம் போதாத நகரம்

1950இல் நகரத் திட்டமிடுநர்களான வில்லியம் ஹோல்ஃபோர்டும் மைல்ஸ் ரைட்டும் தந்த திட்டம், கேம்பிரிட்ஜ் சிறிய பல்கலைக்கழக நகரமாகவே இருக்க வேண்டும் என்றது. சுற்றிலும் பசுமை வளையம் வகுக்கப்பட்டது. 1969இல் பல்கலைக்கழகக் குழு தந்த மாட் அறிக்கையோ அறிவியல் தொழில்களை வரவேற்றது. அடுத்த ஆண்டே டிரினிட்டி கல்லூரி வடக்கே அறிவியல் பூங்காவைத் தொடங்கியது. வேலை பெருகியது, நிலம் பெருகவில்லை. தாதியும் பேருந்து ஓட்டுநரும் கல்லூரி அறைகளைத் துப்புரவு செய்பவரும் தூரத்து ஊர்களிலிருந்து வர வேண்டியதாயிற்று.

பல்கலைக்கழகம் இதற்குத் தேடிய பதில் வடமேற்கில் எழுந்த எடிங்டன் குடியிருப்பு. 2012இல் 35 கோடி பவுண்டு கடன்பத்திரம் வெளியிட்டுத் திரட்டிய பணம் பின்னணியில் இருக்க, 2017இல் முதல் குடியிருப்பாளர்கள் வந்தார்கள். மூன்றாயிரம் வீடுகளில் பாதி பல்கலைக்கழக ஊழியருக்கு, அதோடு ஆய்வு மாணவர் இரண்டாயிரம் பேருக்கு அறை என்பது திட்டம். வானியலாளர் ஆர்தர் எடிங்டனின் பெயர் அதற்கு. டிரினிட்டியில் ஆய்வு செய்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1935இல் விண்மீன் நிறை பற்றிய தம் முடிவை முன்வைத்தபோது பகிரங்கமாக மறுத்தவர் அவர். எடிங்டன் போன்ற குடியிருப்பின் குறை, அது பல்கலைக்கழகத்தாரை முன்னிட்டது என்பது. மற்றவரின் பற்றாக்குறை அப்படியே நிற்கிறது.

நாள்வாடகைக்கு முழு வீட்டையும் விடும் வழக்கம் இந்தப் பற்றாக்குறையைக் கூட்டுகிறதா? லண்டனில் ஆண்டுக்கு 90 இரவுகள் என்ற சட்ட வரம்பு இருக்கிறது. கேம்பிரிட்ஜுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. அறை ஒன்றை மட்டும் விடும் ஊர்க்காரரின் வருமானத்தையும், தெருவில் ஒரு குடும்பத்தின் வீடு மறைவதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் விதி தேவை.

தீராமல் இருப்பவை

இளநிலை மாணவர் பாட வாரங்களில் பெரிய புனித மரியாள் தேவாலயத்திலிருந்து மூன்று மைல் தூரத்துக்குள் தங்க வேண்டும், ஆய்வு மாணவர் பத்து மைலுக்குள் என்பது பல்கலைக்கழக விதி. விரிவுரைகளைத் திரையில் பார்க்க முடியும் காலத்தில் இந்த வட்டம் எதைக் காக்கிறது என்பதற்குத் தெளிவான பதில் இன்னும் வரவில்லை. கூடி வாழ்வதே கல்வி என்பார் ஒரு சாரார். வாடகை உச்சத்தில் இருக்கும் வட்டத்துக்குள் ஏழை ஆய்வாளரை அது கட்டிப்போடுகிறது என்பார் மறு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டாவது வாதத்தின் கனம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிவருகிறது என்றே தோன்றுகிறது. ஊராரும் பல்கலைக்கழகமும் சமமாக அமர்ந்து வாடகையைப் பேசும் மன்றம் ஒன்று மீண்டும் அமையுமா என்பதும் திறந்த கேள்விதான்.

பயணிக்குச் சொல்ல இன்று போதுமான ஆதாரம் உண்டு: கோடை விடுமுறையில் கல்லூரி அறை, ஒற்றை இரவுக்கு மையம், நீண்ட நாளுக்கு மில் சாலைப் பக்கம். படிக்கப் போகும் பிள்ளையின் பெற்றோர் கல்லூரிக்கு எழுதும் முதல் கடிதத்தில் மூன்றைக் கேட்டுவிட வேண்டும். அறையின் தளத்தில் சமையலறை உண்டா, அதில் அடுப்பு உண்டா, விடுமுறை வாரங்களில் அறையைக் காலி செய்யச் சொல்வார்களா? மூன்றாவதற்கான பதில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.